கரை வழி முள்

அப்படிச் சொல்லாதம்மா. டயர் வெடிச்சதுக்கு அந்தப் பஞ்சர் கடைக்காரர் என்ன பண்ணுவார் பாவம்? "இவங்களே ஆணியைப் போட்டு வெச்சிட்டு உக்காந்திருப்பாங்க"ன்னு நீ சாதாரணமாத்தான் சொன்னே. ஊரெல்லாம் சொல்ற பேச்சுதான். நானும் ஒரு தடவை அந்த மாதிரி ஒரு பேச்சு பேசினேன். ஒரே ஒரு தடவை. அதிலிருந்து யார் வாயில் அது வந்தாலும் என்னால் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது.

குழந்தையை இப்படிக் கொடு. நீ காலை நீட்டி உட்காரு. ஸ்டெப்னியிலும் காத்து இல்லையாம், டயரை ஒட்டி மாட்டித்தான் பஸ்ஸை எடுப்பாங்களாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. மகன் வீட்டுக்குத்தான் போறேன். அவன் சாயங்காலம்தான் ஆபீஸிலிருந்து வருவான்.

நீயும் இந்தக் கைப்பிள்ளையை வெச்சுக்கிட்டு அலையறே. உனக்குச் சொன்னால் புரியும். வேற யாருக்கும் நான் இதைச் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன், அதுவும் பாதிதான்.

எங்க ஊர் கொள்ளிடக் கரையோரம். கோவில் உண்டு, கடை ஒண்ணு உண்டு, பள்ளிக்கூடம் மட்டும் திருக்காட்டுப்பள்ளிக்குப் போகணும். வீட்டுக்காரர் சவுதியில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். போகும்போது எனக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். முன்னாடி ஹாண்டில்பாரில் மாட்டுற கம்பிச் சீட்டில் சின்னவள் ஜெசிந்தா. அஞ்சு வயசு, யூகேஜி. பின்னாடி கேரியரில் பெரியவன் டோமினிக், மூணாங்கிளாஸ். ரெண்டு பை, ஒரு சாப்பாட்டுக் கூடை, நான். இத்தனை உருப்படியையும் அந்தச் சைக்கிள் எப்படித்தான் சுமந்ததோ.

ஊரிலிருந்து போறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு தார் ரோடு, கொஞ்சம் சுத்து. இன்னொண்ணு ஆத்துக்கரை மேலே மண் பாதை. ரெண்டு பக்கமும் வேலிக்கருவை அடைஞ்சு நிக்கும். நான் கரையிலேயே போவேன். தார் ரோட்டில் மணல் லாரி வரும். ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு லாரிக்கு ஒதுங்க முடியுமா, நீயே சொல்லு. அதோட கரையில் ஆளரவம் இருக்காது, ஜெபமாலை சொல்லிக்கிட்டே போகலாம். கரை இறங்குறதுக்குள் மாலையில் அஞ்சு பத்துமணியும் உருட்டி முடிச்சிடுவேன்.

கரை இறங்கி மெயின் ரோட்டில் சேருற இடத்தில்தான் கலியமூர்த்தியோட பஞ்சர் கடை. நாலு கம்பு, மேலே கீத்து, கீழே ஒரு தகரத் தொட்டியில் தண்ணி, ஒரு பம்பு. அவருக்குப் பெண்சாதி செத்து நாலு வருஷம் ஆயிருந்தது. பிள்ளைங்க இல்லை. தார் ரோட்டில் போனால் அந்தக் கடை கண்ணிலேயே படாது. அந்த ரோடு அந்தாண்ட, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேரும்.

முதல் தடவை பஞ்சரானது ஜூலை மாசம். சாயங்காலம் திரும்பி வரும்போது கரை ஏறி நாலு மிதி மிதிச்சேன், பின் சக்கரம் தடதடன்னு தரையில் இடிச்சது. டோமினிக் இறங்கிட்டான். சின்னவள் சீட்டிலேயே தூங்கிப்போய்த் தலை ஒரு பக்கம் தொங்குது. ஒரு கையால் அவள் தலையைத் தாங்கி ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிப் பார்த்திருக்கியா? சைக்கிள் ஆத்துப் பக்கம் இழுக்குது, பிள்ளை வயக்காட்டுப் பக்கம் சாயுது. திரும்பி இறங்கி வர்றதுக்குள் எனக்கு அழுகையே வந்துடுச்சு. அந்தக் கடைக்காரர்தான் ஓடி வந்து சைக்கிளைப் பிடிச்சார்.

"புள்ளைய முதல்ல தூக்குங்க. சைக்கிள் எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார்.

சக்கரத்தைக் கழட்டாமலே டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை உருவிக் காத்தடிச்சுத் தொட்டியில் முக்கினார். சின்னவள் முழிச்சுக்கிட்டாள். தண்ணிக்குள்ளிருந்து பொடிப்பொடியா முட்டை முட்டையா வருது. "எங்க பாப்பா ஓட்டை? விரல வச்சுப் புடி" என்றார். அவள் பிடிச்சாள். பிடிச்சதும் முட்டை நின்னுபோச்சு. அவளுக்கு வந்த சிரிப்பைப் பார்க்கணுமே! டயருக்குள் விரலை விட்டுத் தடவி முள்ளை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி அப்பாவுக்குக் கடுதாசில எழுது, நான் முள்ளு புடிச்சேன்னு."

அந்த மாதிரி பேசுவார். வேற ஒண்ணுமில்லை. பிள்ளைங்களோடதான் பேசுவார்.

அதுக்கப்புறம் வாரம் ஒண்ணு, சில வாரம் ரெண்டு பஞ்சராகும். அவரே ரெண்டு மூணு தடவை சொன்னார், "ஏம்மா, தார் ரோட்டுலதான் போங்களேன். லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டுத்தான் வருவான். இந்த முள்ளு ஹாரன் அடிக்குமா?"

"அது சுத்துங்க. புள்ளைங்களுக்கு நேரமாயிடும்" என்பேன்.

"ஒட்ட அரை மணி ஆவுது. அதுக்கு நேரமாவலையா?"

நான் என்ன பதில் சொன்னேனோ, ஞாபகமில்லை. சிரிச்சிருப்பேன்.

எனக்கு உட்கார ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். டோமினிக் பம்பு அடிப்பான், ரெண்டு காலும் தரையை விட்டுத் தூக்கும். சின்னவள் தொட்டிப் பக்கம். நான் முக்காலியில். என்ன பேசுவோம்னு கேளு. ஆத்தில் தண்ணி விட்டாச்சா, நடவு ஆச்சா, சவுதியிலிருந்து கடுதாசி வந்ததா, டோமினிக்குக் கணக்கு வரலையே, இதுதான். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார், டியூபைத்தான் பார்த்துக்கிட்டிருப்பார். ஆனால் போன வாரம் நான் சொன்னதை இந்த வாரம் ஞாபகமா கேட்பார். "அந்தப் பல்லுவலி எப்படி இருக்கு?" என்பார். எனக்குப் பல்லுவலின்னு வீட்டில் யாருக்கும் தெரியாது.

முதலில் அவரை அண்ணேன்னுதான் கூப்பிட்டேன். பிள்ளைங்க மாமான்னாங்க. அப்புறம் அந்த அண்ணே எப்படியோ விட்டுப்போச்சு. பேர் சொல்லியா கூப்பிட முடியும்? "ஏங்க, இந்த வால்டியூபைக் கொஞ்சம் பாருங்களேன்" அப்படித்தான் பேசுறது. அதில் என்ன இருக்கு?

ஐப்பசி மழையில் கரை சேறாகி, முள்ளெல்லாம் சேத்துக்குள் புதைஞ்சுபோச்சு. மூணு வாரம் பஞ்சரே இல்லை. ஒரு நாள் நானே நிறுத்தி, "காத்து கொறைஞ்ச மாதிரி இருக்குங்க" என்றேன். அவர் கட்டை விரலால் டயரை அழுத்திப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். சொல்லிவிட்டு ரெண்டு அடி அடிச்சும் விட்டார். பிள்ளைங்க பத்திரம் பார்க்கணும் இல்லையா, அதுக்காகத்தான் கேட்டேன்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஜெபமாலையும் சரியா முடியறதில்லை. நாலாம் பத்துமணியில் கடை தெரியும், எண்ணிக்கை தப்பிப்போகும்.

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமை. சாயங்காலம் சிலுவைப்பாதைக்குப் போகணும்னு அவசரமா வந்தேன், பஞ்சர். அவர் டியூபை உப்புத்தாளால் தேய்ச்சுக்கிட்டிருந்தார். டோமினிக் ஏதோ வாத்தியார் மாதிரி நடிச்சுக் காட்டினான், எல்லாரும் சிரிச்சோம். என் கையில் டீ. அவர்தான் எதிர்க்கடையிலிருந்து வாங்கி வரச் சொன்னார், எனக்குத் தலைவலின்னு. அந்த நேரம் பார்த்துத் திருவையாத்துப் பஸ் வந்து நின்னது. இறங்கினது யாருன்னு நினைக்கிறே? என் வீட்டுக்காரருக்கு மூத்தவள், என் நாத்தனார் செபஸ்தியம்மாள். கூட எங்க தெருப் பொம்பளைங்க ரெண்டு பேர்.

அண்ணி வந்து நின்னு என்னை மேலேயும் கீழேயும் பார்த்தாள்.

"என்னடி அமலோற்பவம், முக்காலியெல்லாம் போட்டு வெச்சிருக்கு! இது பஞ்சர் கடையா, உனக்குப் பொறந்த வீடா?"

நான் எழுந்திரிச்சேன். டீ புடவையில் கொட்டிடுச்சு.

"சைக்கிள் பஞ்சர் அண்ணி."

"அதான் தெருவே பேசுதே. ஊர்ல நூறு சைக்கிள் கெடக்கு. அதுக்கெல்லாம் குத்தாத முள்ளு உன் சைக்கிளத் தேடித் தேடி வந்து குத்துதோ? என் தம்பி அங்க வெயில்ல வேகுறான். இவ இங்க டீ குடிக்கிறா. சிரிப்பு என்ன, கும்மாளம் என்ன!"

கூட வந்தவளில் ஒருத்தி முந்தானையை வாயில் வெச்சுக்கிட்டாள். டீக்கடையில் இருந்த ஆம்பளைங்க எல்லாம் திரும்பிட்டாங்க. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர்கூட இருந்தார். அம்மா, எனக்கு அப்போ இருபத்தொன்பது வயசு. கோவிலில் ஜெபம் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவாங்க. அந்தப் பேர் ஒண்ணுதான் எனக்குச் சொத்து. அது அந்த ரோட்டில், அத்தனை பேர் காலில் கிடக்கிற மாதிரி எனக்குத் தெரிஞ்சது.

"நான் என்ன பண்ணுவேன் அண்ணி?" என்றேன். குரல் எனக்கே வேற யாரோ பேசுற மாதிரி இருந்தது. "இந்த ஆளுதான் ஒரு ஓட்டைய ஒட்டும்போது ஊசியால இன்னொரு ஓட்டையக் குத்தி அனுப்புறான். வாரம் வாரம் நான் வந்து நிக்கணும்னே பண்றான். ஆம்பளை இல்லாத வீடு, யாருகிட்ட போயிச் சொல்லுவேன்?"

அவன்னு சொன்னேன். எட்டு மாசம் அவர் அவர்னு சொன்ன வாய்.

அவர் தேய்ச்சுக்கிட்டிருந்த கை நின்னது.

அப்போ சின்னவள் எழுந்து வந்தாள். கையை விரிச்சு நீட்டினாள். "இல்ல அத்தை. மாமா குத்தல. முள்ளுதான் இருந்துச்சு. நான்தான் புடிச்சேன், பாரு." உள்ளங்கையில் முள் இருந்தது. கருவை முள், இவ்வளவு நீளம்.

நான் அவளை வாயில் அடிச்சேன். கன்னத்தில் இல்லை அம்மா, வாயில். பல் பட்டு உதடு கிழிஞ்சு ரத்தம் வந்தது. அந்தப் பிள்ளை அழக்கூட இல்லை, என்னையே பார்த்துக்கிட்டு நின்னாள்.

அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார். "புள்ளைய அடிக்காதீங்க."

இல்லைன்னு சொல்லலை. நான் குத்தலைன்னு சொல்லலை. சொல்லியிருக்கலாம். டயரைத் தடவிக் காட்டியிருக்கலாம். "தார் ரோட்டுல போங்கன்னு எத்தன தடவ சொன்னேன், கேளுங்க இவங்கள"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அன்னைக்கே செத்தேன். அது அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டார். ஒட்டுப் போட்டார், டியூபை உள்ளே தள்ளினார், காத்தடிச்சார், ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். அத்தனை பேர் திட்டிக்கிட்டு நிக்கும்போதும் எதையும் அரைகுறையா விடலை.

டீக்கடையில் ஒருத்தன், "எனக்கும் போன மாசம் அப்படித்தான் பண்ணினான்" என்றான். இன்னொருத்தன், "அதானே பார்த்தேன்" என்றான். பஞ்சராகாத சைக்கிள் யார்கிட்ட இருக்கு? ஆளாளுக்கு ஒரு பஞ்சர் ஞாபகம் வந்தது. தண்ணித் தொட்டியை யாரோ எட்டி உதைச்சாங்க.

அண்ணி அப்படியே மாறிட்டாள். என் தோளில் கையைப் போட்டு, "பைத்தியக்காரி, இத முன்னாடியே என்கிட்ட சொல்லக் கூடாதா? இத்தன நாளு மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு இருந்திருக்கியே" என்று கரை வழியா வீடு வரைக்கும் கூட நடந்து வந்தாள். வழியெல்லாம் என்னைத் தேற்றினாள்.

மறுவாரம், தெருக்காரங்க கூடி ஜெபம் சொல்ற அன்பியம் கூட்டம் எங்க வீட்டில். ஜெபம் முடிஞ்சதும் அண்ணி சொன்னாள், "அந்தப் பஞ்சர் கடைக்காரனுக்கு ஆண்டவர் நல்ல புத்தி குடுக்கணும்னு ஒரு மன்றாட்டு சொல்லணும். பாதிக்கப்பட்டவ நீதான் அமலோற்பவம், நீயே சொல்லு. மன்னிச்சிட்டேன்னும் சொல்லு."

சொன்னேன். முழங்காலில் நின்னு, கையைக் கூப்பி, வாய் விட்டுச் சொன்னேன். "கலியமூர்த்தி என்கிற சகோதரர் மனம் திரும்பும்படியாக"ன்னு. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"னு எல்லாரும் சொன்னாங்க. ஜெசிந்தா மட்டும் சொல்லலை. உதட்டில் பொருக்கு ஆறாமல் இருந்தது. வலிக்கும், அதனால் சொல்லலைன்னு அன்னைக்கு நினைச்சேன்.

கடைக்கு ஆள் போறது நின்னுபோச்சு. சித்திரை பிறக்கிறதுக்குள் கீத்தைப் பிரிச்சு எடுத்துக்கிட்டு அவர் எங்கேயோ போயிட்டார்.

நான் தார் ரோட்டில் போக ஆரம்பிச்சிருந்தேன். அந்த இடத்தைப் பார்க்க முடியலை, அதனால்தான். என்ன ஆச்சு தெரியுமா? ஒரு பஞ்சர் இல்லை. ஒரு வருஷம் முழுக்க ஒண்ணு இல்லை. லாரிக்காரன் நிஜமாவே ஹாரன் அடிச்சுக்கிட்டுத்தான் வந்தான். அண்ணி போற இடமெல்லாம் சொன்னாள், "பாத்தீங்களா? அவன் போனான், பஞ்சரும் போச்சு! என் தம்பி பொண்டாட்டி சொன்னது எவ்வளவு உண்மை!" பஞ்சராகாத ஒவ்வொரு நாளும் அவர்தான் பண்ணினார்னு என் சைக்கிளே சாட்சி சொல்லிக்கிட்டு ஓடினது.

அது தாங்க முடியாமல் ஒரு காரியம் பண்ணினேன். திரும்பவும் கரையில் ஓட்டினேன். பஞ்சராகட்டும், நாலு பேர் பார்க்கட்டும், அந்த ஆள் இல்லாமலும் பஞ்சராகுதேன்னு அவங்களே பேசிக்கட்டும்னு. அருள்நிறை மரியே சொல்லிக்கிட்டே முள் மேலே ஏத்தினேன். பஞ்சராகணும்னு மாதாவிடம் வேண்டிக்கிட்டவள் நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். ஆறாம் நாள் ஆச்சு. ஒட்ட அங்கே யார் இருக்கா? பிள்ளைங்களை உட்கார வெச்சுத் தள்ளிக்கிட்டே ஊருக்குள் வந்தேன். அண்ணி வீட்டு வாசல் வழியாவே வந்தேன். அவள் பார்த்தாள்.

"அடடே, பஞ்சரா? அந்தப் பாவி ஒட்டுன ஒட்டு இத்தன நாளு கழிச்சு விட்டிருக்கும்" என்றாள்.

அப்போ சொல்லியிருக்கலாம். "இல்ல அண்ணி, நான் பொய் சொன்னேன்"னு அஞ்சு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. ஏன் பொய் சொன்னேன்னு கேட்பாளே. அதுக்கு என்ன பதில்? அந்தக் கேள்விக்கு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பதில் தெரியலை அம்மா. தப்பா ஒண்ணும் இல்லை, சத்தியமா இல்லை. ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்காக அப்படிப் பயந்தேன்?

"ஆமா அண்ணி, இருக்கும்"னு சொல்லிவிட்டு வந்தேன்.

பாவசங்கீர்த்தனத்தில், "பொய் சொன்னேன் சாமி, பிள்ளையை அடிச்சேன்" என்றேன். மூணு அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். யாரைப் பற்றிய பொய்னு அவர் கேட்கலை, நானும் சொல்லலை. பலிபீடத்திலிருந்து வாசலுக்கு வர்றதுக்குள் மூணும் முடிஞ்சுபோச்சு. அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சதே எனக்கு வெட்கமா இருந்தது.

வீட்டுக்காரருக்கு அண்ணி கடுதாசி போட்டாள். "தைரியமா எதிர்த்துப் பேசினியே"ன்னு அவர் பாராட்டி எழுதினார். ஊருக்கு வந்தப்புறமும் நாலு பேரிடம் பெருமையாச் சொன்னார். இன்னும் சொல்லுவார். நான் அடுப்படிக்குப் போயிடுவேன்.

இப்போ டோமினிக்குக்கு ரெண்டு பிள்ளைங்க. ஜெசிந்தா திருச்சியில் நர்ஸ். கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆகுது. அவள் கல்யாணப் பத்திரிகைக்குப் பேர் எழுதினதைத்தான் நான் உன்னிடம் சொல்ல வந்தேன். மத்ததெல்லாம் அதுக்கு முன்கதை.

கூடத்தில் உட்கார்ந்து நான் பேர் சொல்லச் சொல்ல அவள் கவரில் எழுதினாள். மணியான கையெழுத்து அவளுக்கு. எல்லாம் முடியப்போற நேரம். பேனாவை நிறுத்தி, தலை நிமிராமல் கேட்டாள்.

"கலியமூர்த்தி மாமாவுக்கு ஒண்ணு எழுதட்டாம்மா? துவாக்குடில இருக்காரு. எங்க ஆஸ்பத்திரிக்கு சுகருக்கு வர்றாரு. என்னை அடையாளம் கண்டுபுடிச்சிட்டாரு. அம்மா நல்லா இருக்காங்களான்னு கேட்டாரு."

இருபத்து மூணு வருஷம். ஒரு நாள் தவறாமல் அந்த மனுஷனுக்காக வேண்டிக்கிட்டிருக்கேன். எங்கே இருக்கார்னு தெரிஞ்சால் காலில் விழுந்துடுவேன்னு மாதாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். இதோ, பெத்த மகள் விலாசத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைக்கிறாள். எழுதுன்னு ஒரு சொல் சொன்னால் போதும். வீட்டுக்காரர் வாசலில் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார். அண்ணி உள்ளே முறுக்குப் பிழிஞ்சுக்கிட்டிருந்தாள்.

"எந்தக் கலியமூர்த்திடி?" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அஞ்சு வயசில் அந்த ரோட்டில் நின்னு பார்த்தாளே, அதே பார்வைன்னு சொல்லமாட்டேன். அன்னைக்கு அவளுக்குப் புரியலை. இப்போ புரிஞ்சு பார்த்தாள். கோபம் இல்லை அம்மா, கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், உள்ளே முறுக்கு வேகுற சத்தத்தைக் கேட்டாள்.

"நான்தான் வேற யாரையோ நெனச்சுட்டேன் போலம்மா" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நீ அடுத்த பேரச் சொல்லு."

சொன்னேன்.